சொல்லுக்கு முன்னால்

'மஞ்சள்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு இருந்தது.

திரையில் ஏதோ தூசி என்றுதான் இத்ரீஸ் முதலில் நினைத்தான். சட்டை முனையால் துடைத்துப் பார்த்தான், போகவில்லை. பாடுகிறவள் மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, முதல் எழுத்தைத் தொடுவதற்கு முன்னால் கண் இமைக்கும் நேரத்துக்கு ஓர் அமைதி உண்டு. அந்த இடத்தில் ஒலியின் கோடு அசையாமல் நேராகக் கிடக்க வேண்டும். இங்கே, போர்வைக்கு அடியில் எறும்பு புகுந்தது போல, கோடு லேசாகப் புடைத்திருந்தது.

அதை வெட்டி எறிந்தான். வெட்டின இடம் தெரியாமல் தேய்த்து விட்டான். அடுத்த சொல்லுக்குப் போனான். 'வெயிலில்.' அதற்கு முன்னாலும் ஒன்று இருந்தது.

புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் பின்னால், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது அவன் வாடகை வீடு. முன்பக்கம் குடித்தனம். பின்பக்கத்து அறையும் அதை ஒட்டிய சரக்கறையும் ஸ்டூடியோ. ஒரு காலத்தில் அரிசி மூட்டைகள் அடுக்கிய சரக்கறை அது. சன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டி, மைக் வைத்துப் பாடுகிற கூண்டாக மாற்றியிருந்தான். இரண்டு அறைக்கும் நடுவே கனமான கண்ணாடி. அந்தப் பக்கம் நின்று பாடுவார்கள். இந்தப் பக்கம் மேசையில் உட்கார்ந்து அவன் பதிவு செய்வான். மழைக்காலம் வந்துவிட்டால் ஸ்பாஞ்சுக்குள் ஈரம் இறங்கி, நனைந்த நாய் படுத்த இடம் மாதிரி ஒரு வாடை வீசும். எத்தனை ஊதுபத்தி கொளுத்தினாலும் போகாது.

நாவலூரில் ஒரு கம்பெனியில் சில வருடம் இதே வேலை பார்த்துவிட்டுத்தான் சொந்தமாக ஆரம்பித்திருந்தான். ஒரே பாட்டைப் பலமுறை பாட வைப்பார்கள்; ஒவ்வொரு முறை பாடியதும் ஒரு டேக். எல்லா டேக்கையும் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, இதில் முதல் வரி நன்றாக இருக்கிறது, அதில் கடைசிச் சொல் நன்றாக இருக்கிறது என்று பொறுக்கி, வெட்டி, ஒட்டி, ஒரே மூச்சில் பாடியது போல் ஆக்கித் தர வேண்டும். உதடு பிரிகிற சத்தம், எச்சில் விழுங்குகிற சத்தம், துப்பட்டா உரசுகிற சத்தம், எல்லாம் போக வேண்டும். கையில் அவனுக்கு அந்தப் பொறுமை இருந்தது. அவன் வெட்டியதை எந்தக் காதும் கண்டுபிடித்ததில்லை.

பாடியவள் சஹானா. நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை, படூரில் தோழிகளோடு ஃபிளாட். அப்பா கல்பாக்கத்தில் வேலைக்கென்று தெற்கேயிருந்து வந்து குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டவர். வார விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது பாடிவிட்டுப் போவாள். மீன் வலை உலர்த்துகிற கரையில் ஒரு காதல் பாட்டு. 'மஞ்சள் வெயிலில் காயும் வலையில் மாட்டிக் கொண்டது மாலை.' பணம் போடுகிறவர் திருப்போரூர் கோபாலகிருஷ்ணன். வீட்டு மனை விற்கிறவர். பாட்டு வீடியோ எடுப்பது அவர் ஆசை.

மேடுகள் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் இருந்தன.

ஹெட்போன் ஒழுகுகிறது என்று நினைத்தான். பாடுகிறவர் பின்பற்றுவதற்காகக் காதில் ஓட விடுகிற மாதிரிப் பாட்டு கசிந்து மைக்கில் விழுவது வழக்கம்தான். ஆனால் அந்த மாதிரிப் பாட்டை அவனேதான் பாடி வைத்திருந்தான், ஆம்பளைக் குரல். இது என்ன என்று ஒரு மேட்டை மட்டும் தனியாக எடுத்து, ஒலியை ஏற்றினான். இன்னும் ஏற்றினான். அறையின் இரைச்சல் மழை போலப் பெருகியது. அதற்குள்ளிருந்து, ராகம் இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பது போல ஒரு பெண் குரல் மெல்லச் சொன்னது.

"மஞ்சள்."

சஹானாவின் குரல்.

சரி, பாடுவதற்கு முன் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்கிற பழக்கம் போலிருக்கிறது. நிம்மதியாகத் தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து அடுத்த வரியைப் பார்த்தபோது கை மவுஸின் மேல் நின்றுவிட்டது. அங்கே முந்தின சொல்லை அவள் இழுத்துப் பாடிக்கொண்டிருக்கும்போதே, அந்த இழுப்புக்கு அடியில், அடுத்த சொல்லுக்கான முணுமுணுப்பு கிடந்தது.

ஒரு வாயிலிருந்து இரண்டு சொல் ஒரே நேரத்தில் எப்படி வரும்?

கைபேசி அடித்தது. துள்ளி விழுந்தான். கோபாலகிருஷ்ணன்.

"இன்னா இத்ரீசு, பாட்டு எந்த மட்டுல கீது?"

"கிளீன் பண்ணிக்கினு இருக்கேண்ணே."

"மூச்சு சத்தம் கூட கேக்கக் கூடாது, சொல்ட்டேன். அப்பால இன்னொன்னு. வீடியோ காலையில எடுக்கறோம். 'மாலை'ன்றத 'காலை'ன்னு மாத்திடு. சனிக்கிழம அந்தப் பொண்ண வரச்சொல்றேன்."

"'மாட்டிக் கொண்டது காலை'ன்னா, காலு மாட்டிக்கினா மாதிரி கேக்கும்ணே."

"கேட்டா கேக்கட்டும்பா."

சாயங்காலம் ஷஃபானா வேலை முடிந்து வந்தாள். கேளம்பாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். ஈரக் குடையை மூலையில் விரித்து வைத்துவிட்டு, அவன் நீட்டிய ஹெட்போனை முக்காட்டின் மேலேயே மாட்டிக்கொண்டாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் பைத்தியம் என்று அவள் சிரித்துவிட மாட்டாளா என்று இருந்தது.

அவள் சிரிக்கவில்லை.

"யாரோ அவளுக்கு எடுத்துக் குடுக்கறாங்க மச்சான்."

"அவ குரலு தானே அது?"

"அதான் நல்லா இல்ல." ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "முடிச்சி அனுப்பிடுங்க. தோண்டாதீங்க."

அவள் சொன்னபடி விட்டிருக்கலாம். இத்ரீஸால் முடியவில்லை. சாப்பிடும்போது காதுக்குள் அரித்தது. படுத்தால் புரண்டான், எழுந்து போய்க் கதவுகளைப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் அவள் பஸ் ஏறிப் போனதும், நாஸ்தா தட்டைக்கூடக் கழுவாமல் மேசைக்கு வந்துவிட்டான்.

டேக்குகளை வரிசையாகக் கேட்டான். முதல் டேக்கில் முணுமுணுப்பு சொல்லுக்கு மயிரிழை முன்னால். அடுத்ததில் கொஞ்சம் கூடுதல். போகப் போக அது முந்திக்கொண்டே போயிற்று. கடைசி டேக்கில் அவள் ஒரு வரியைத் தொடங்குமுன்பே முழு வரியையும் சொல்லி முடித்திருந்தது. அவள் பாட்டின் நடுவில் இருக்கும்போது அது பாட்டையே முடித்துவிட்டது. முடித்துவிட்டு, நிற்காமல் வேறு எதையோ சொல்லிக்கொண்டு போயிற்று.

அன்றைக்குப் பாடி முடிந்ததும் டீ குடிக்க எல்லாரும் முன்பக்கம் போனது அவனுக்கு நினைவு வந்தது. பதிவை நிறுத்த மறந்திருந்தான். மைக் திறந்தபடியே இருந்திருக்கிறது. திரையில் பாட்டு முடிந்த பிறகும் கோடு நீண்டுகொண்டே போனது.

கேட்டான். அவள் ஹெட்போனை ஆணியில் மாட்டுகிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். செருப்பில்லாத காலடி வெளியே போகிறது. கதவு மூடுகிறது. அதன் பிறகு கூண்டில் யாரும் இல்லை. ஸ்பாஞ்ச் சுவருக்குள் அடைபட்ட, பஞ்சு மாதிரியான அமைதி. ஒலியை ஏற்றினான்.

யாரும் இல்லாத அந்த அறையில் சஹானாவின் குரல் பேசிக்கொண்டிருந்தது.

"தண்ணி கிடைக்குமாண்ணா? ... அப்பா வெளியே வண்டியிலயே இருக்காங்க. ... சரிண்ணா, வாரேன்."

அன்றைக்கு முன்பக்கத்தில், இந்த மைக்குக்கு எட்டாத இடத்தில், அவள் அவனிடம் பேசியவை. அதே சொற்கள். பிறகு ஓர் இடைவெளி. துணி நகர்வது போல ஒரு சரசரப்பு. மறுபடி குரல்.

"அண்ணா, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல வரட்டுமா? ... ஐயோ அக்கா, மருதாணி எப்ப வச்சீங்க? செவசெவன்னு பத்தியிருக்கு. ... ஒரே ஒரு வார்த்தைதானேண்ணா. ... மழை சத்தம் விழுது, கதவைச் சாத்திக்கிடுதேன்."

இவற்றை அவள் சொல்லவில்லை. ஷஃபானா கையில் மருதாணி இல்லை.

இத்ரீஸ் கழுத்தைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தான். கூண்டுக்குள் விளக்கு அணைந்திருந்தது. மைக் தாங்கி மட்டும் ஒல்லியான ஆள் போல நின்றது. கோடு ஓடிக்கொண்டேயிருந்தது. காதில் ஒன்றும் இல்லை. வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு,

"அண்ணா!"

அதைத் தொடர்ந்து ஓர் அலறல்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். மேசையில் கிடந்த அதிலிருந்து, பாட்டிலுக்குள் அடைத்த கொசு போல, அந்த அலறல் கேட்டுக்கொண்டே இருந்தது. பட்டனைத் தட்டி நிறுத்தினான்.

கொஞ்ச நேரம் வாசற்படியில் போய் நின்றான். தெருவில் மீன்காரம்மா ஒருத்தி நனைந்துகொண்டே கூடையோடு போனாள். எதிர்வீட்டில் டீவி ஓடியது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. தைரியம் கொஞ்சம் வந்ததும் உள்ளே போய், அலறல் வரை போகாமல், பேச்சை மட்டும் இன்னொரு முறை கேட்டான். மனம் எங்கேயோ இருந்தாலும் கைக்குத் தன் வேலை தெரியும். சரசரப்பு விழுந்திருந்த ஒரு துண்டைக் கை தன்பாட்டுக்கு வெட்டிவிட்டது. வெட்டியதில் 'மத்தியானத்துக்கு மேல' என்ற சொற்களும் போய்விட்டன. அதை அவன் பெரிதாக நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஷஃபானா வந்ததும் கையை விரித்துக் காட்டினாள். கூட வேலை செய்கிற பெண்ணுக்கு நிச்சயமாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் மருதாணிக் கோன் வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

"நாளைக்கு இன்னும் செவப்பேறும்," என்றாள். அவன் முகத்தைப் பார்த்து, "இன்னா மச்சான்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நல்லா கீது," என்றான்.

மறுநாள் சஹானா போன் செய்தாள்.

"அண்ணா, சனிக்கிழமை..."

பேச்சு நின்றது. இணைப்பு போகவில்லை, பின்னால் அவள் ஆபீஸ் இரைச்சல், யாரோ சிரிப்பது, லிஃப்ட் மணி எல்லாம் கேட்டது. அவள் குரல் மட்டும் இல்லை. இரண்டு சொல் நீளத்துக்கு ஒரு பள்ளம்.

"...வரட்டுமா?"

"எப்போம்மா? நடுவுல கேக்கல."

"சொன்னேனே..." மறுபடி பள்ளம். அவள் தொண்டையைக் கனைத்தாள். குழப்பமாகச் சிரித்தாள். "என்னமோண்ணா, தொண்டை அடைக்குது. ரெண்டு மணிக்கு வாரேன்."

போனை வைத்ததும் இத்ரீஸ் திரையில் நேற்றைய பேச்சை எடுத்துப் பார்த்தான். அவன் வெட்டிய இடம். அதே நீளம். அவன் இங்கே எடுத்ததை அங்கே அவளால் சொல்ல முடியவில்லை.

அப்படியென்றால் வழி இருக்கிறது.

அந்த எண்ணம் வந்ததும் மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது போலிருந்தது. மந்திரம் வேண்டாம், தாயத்து வேண்டாம். அவனுக்குத் தெரிந்த வேலைதான். 'அண்ணா' என்ற அந்தக் கூப்பாட்டின் தொடக்கத்தைத் தேடிப் பிடித்தான். ஹெட்போன் போடவில்லை, காதால் கேட்கத் தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது. நேர்கோடாகக் கிடந்தது ஒரே இடத்தில் வெடித்து, முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து, ரொம்ப தூரம் போயிற்று. இடையிடையே தடிமனான முட்டுகள். நடுவில் சொற்கள் போலவும் சில வடிவங்கள் இருந்தன. என்ன சொற்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. தொடக்கத்திலிருந்து கடைசி வரை நிழல் போட்டுத் தேர்ந்தெடுத்து, அழிக்கிற பட்டனை அழுத்தினான். வெட்டிய இடத்தில் சுத்தமான அமைதியை ஒட்டினான். சேமித்தான். பழைய பதிவைக் குப்பையில் போட்டு, குப்பையையும் காலி செய்தான்.

அன்று அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனான். திரும்பும்போது பரோட்டா கட்டிக்கொண்டு வந்தான். நன்றாகத் தூங்கினான்.

சனிக்கிழமை காலையிலிருந்தே வானம் இறங்கியிருந்தது. கடலும் மழையும் எது எதுவென்று தெரியாமல் ஒரே இரைச்சல். மதியம் சோறு போட்டுக்கொண்டே ஷஃபானா கேட்டாள்:

"அந்தப் பாட்டு சங்கதி என்னாச்சு மச்சான்? ரெண்டு நாளா முகம் தெளிவா இருக்கே."

சொல்லிவிட்டான். போன் வந்தது, மருதாணி, அலறல், வெட்டியது, எல்லாவற்றையும். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கி போன்ல வார்த்தை வரலயில்ல. ஆனா அவ வர்ரது நின்னுச்சா?"

"இல்ல. வரா."

"மத்தியானத்துக்கு மேலதானே வரா?"

அவன் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"கத்தறதத்தான் மச்சான் வெட்டியிருக்கீங்க. கத்த வெச்சது எதுவோ அது போயிடுமா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "உங்களதானே கூப்ட்டா? அண்ணான்னு?"

சோற்றுக் கையோடு எழுந்து ஓடினான். குப்பை காலி. பழைய பதிவு எங்கேயும் இல்லை. பேக்கப் எடுத்து வைக்கிற பெட்டியில் தேடினான். அன்றிரவே அது புதியதை வாங்கிக்கொண்டு பழையதை அழித்திருந்தது. திரையில் அவன் ஒட்டி வைத்த அமைதி நீளமாகக் கிடந்தது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒட்டு தெரியவில்லை.

வெளியே கார் ஹாரன் அடித்தது.

கோபாலகிருஷ்ணன் முதலில் இறங்கினார், பின்னால் குடைக்குள் சஹானா. வழியில் அவளை ஏற்றி வந்திருந்தார். இத்ரீஸ் வாசலையே மறித்து நின்றான்.

"இன்னிக்கு வேணாம்ணே. இந்த மழையில எப்டி எடுக்கறது?"

"இன்னாபா பேஜாரு பண்ற? திங்கக்கிழம ஷூட்டிங் கீது. ஒரு வார்த்த பாட இன்னா ஆவப்போது?"

"மைக் சரியில்லண்ணே."

"போன வாரம் நல்லாத்தானே இருந்திச்சி?"

அதற்குள் சஹானா குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்திருந்தாள். முடியிலிருந்து சொட்டுகிற நீரைத் துடைத்தபடி ஷஃபானாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஐயோ அக்கா, மருதாணி எப்ப வச்சீங்க? செவசெவன்னு பத்தியிருக்கு."

ஷஃபானா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"சஹானா, நீ வூட்டுக்குப் போம்மா," என்றான் இத்ரீஸ். "நான் இருக்கறத வெச்சே ஒட்டிக் குடுத்துடறேன். எங்கயாவது ஒரு 'கா' எடுத்து..."

"ஒரே ஒரு வார்த்தைதானேண்ணா."

அவன் தடுப்பான் என்பதும் அந்த முணுமுணுப்புக்குத் தெரிந்திருக்கிறது. அவன் சொல்லப் போவதற்கெல்லாம் பதில் முன்னாலேயே சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது.

கூண்டுக்குள் முதலில் தானே போனான். விளக்கைப் போட்டான். நான்கு மூலையும் பார்த்தான். மைக் தாங்கி, பாட்டுத் தாள் வைக்கிற தட்டு, ஒரு முக்காலி. வேறு ஒன்றும் இல்லை. யாரும் ஒளிய இடம் இல்லை. ஸ்பாஞ்சைத் தடவினான், விரலில் ஈரம் ஒட்டியது. நாய் வாடை இன்றைக்குக் கூடுதலாக இருந்தது. ஆனால் அது கூண்டுக்குள் அவ்வளவாக இல்லை, இந்தப் பக்கம்தான், மேசைப் பக்கம்தான் வீசியது. அதை அவன் கவனித்தான். யோசிக்க நேரமில்லை.

"கதவு தொறந்தே இருக்கட்டும்," என்றான்.

சஹானா உள்ளே போய் ஹெட்போனை மாட்டினாள். கோபாலகிருஷ்ணன் கார் கண்ணாடியை ஏற்ற மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு முன்பக்கம் ஓடினார். ஷஃபானா அறை வாசலிலேயே நின்றிருந்தாள். அவளை இத்ரீஸ் கையசைத்து அனுப்பினான். "அவரு இதோ திரும்பி வந்துடுவாரு. டீ போடு. ஒரு நிமிசம்தான், முடிச்சிடறேன்." அவள் அரைமனதாகப் போனாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மழை சத்தம் விழுது, கதவைச் சாத்திக்கிடுதேன்," என்றாள் சஹானா.

"வேணாம்..."

கனத்த கதவு 'தப்' என்று மூடியது. மழை அறுந்துபோனது. ஸ்பீக்கரில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கட்டைவிரலை உயர்த்தினாள்.

முடித்து அனுப்பிவிடலாம். சீக்கிரம். பதிவை ஓட விட்டான். முன்னிசை வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். 'மஞ்சள் வெயிலில் காயும் வலையில் மாட்டிக் கொண்டது காலை.' சொல் சுத்தமாக, சுருதி பிசகாமல் வந்தது. அந்தச் சொல்லுக்கு முன்னால் கோடு நேராக இருந்தது. மேடே இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"சூப்பர்மா. போதும். வெளிய வந்துடு."

அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஹெட்போனைக் கழற்றக் கை தூக்கினாள்.

சிரிப்பு நின்றது.

கை அப்படியே நின்றது.

வாய் திறந்தது. கொட்டாவி விடுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தான். வாய் இன்னும் திறந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. முகம் சிவந்தது. ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. மூச்சுகூட இல்லை. திரையைப் பார்த்தான். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் கண்ணாடியை இரு கைகளாலும் அறைந்தாள். சத்தம் இல்லை. மறுபடி அறைந்தாள். கண்ணாடி அதிர்ந்தது, மேசை மேலிருந்த தண்ணீர் தம்ளரில் வளையங்கள் எழுந்தன. சத்தம் இல்லை. அந்த முட்டுகள். தடிமனான அந்த முட்டுகள். அவற்றையும் சேர்த்துத்தான் வெட்டியிருந்தான்.

"சஹானா!"

எழுந்து ஓடினான். கதவின் பிடியைத் திருப்பினான். பூட்டியிருக்கும் என்று பயந்தான். பூட்டவில்லை. எளிதாகத் திறந்தது.

உள்ளே அவளைத் தவிர யாரும் இல்லை.

இப்போது இடையில் கண்ணாடியும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். அவள் மூச்சின் சூடு அவன் முகத்தில் பட்டது. தொண்டைக்குள் நாக்கு துடிப்பது தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவன் அவள் தோளைப் பிடித்தான். அவள் அவனை உதறிவிட்டுப் பின்னால் போனாள். ஸ்பாஞ்ச் சுவரில் முதுகு மோதியது. மேலும் பின்னால் போகப் பார்த்தாள்.

"இன்னாம்மா? இங்க யாரும் இல்ல. பாரு. யாரும் இல்ல."

அவள் தலையை வேகமாக ஆட்டினாள். உதடுகள் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லின. உதடு சேர்ந்து பிரிந்தது. ஒரே சொல். மறுபடி அதே சொல். கோட்டைப் பார்த்தே சொல்லைக் கண்டுபிடிக்கிறவன் அவன். இதைப் படிக்கத் திணறினான்.

பி.

பின்.

அப்போதுதான் பார்த்தான். அவள் கண்கள் அவன்மேல் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இல்லை. அவன் தோளுக்கு மேலே, அவன் சற்றுமுன் உட்கார்ந்திருந்த அறையை, அவன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது அவை மெல்ல நகர்ந்தன. நாற்காலியிலிருந்து கதவுக்கு. கதவிலிருந்து இன்னும் கிட்டே.

முன்பக்கத்தில், தூரத்தில், ஷஃபானா டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. கோபாலகிருஷ்ணன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

முதுகுக்குப் பின்னால் நாற்காலியின் சக்கரம் உருண்டு, நின்றது.

நனைந்த வாடை.

திரும்பக் கூடாது என்று நினைத்தான். திரும்பாமலும் இருக்க முடியவில்லை. கழுத்து தானாகத் திரும்பத் தொடங்கியது. அந்தக் கணத்தில், அவன் வலது காதுக்கு மிக அருகே, மூச்சு படுகிற தூரத்தில், அவனுடைய சொந்தக் குரல் மெல்ல, பாடம் எடுத்துக் கொடுப்பது போல, அலறியது.

இத்ரீஸின் வாய் இன்னும் திறக்கவில்லை.